தங்கூசியின் மறுமுனை

'கிர்ர்ர்' என்று ரீல் சுழன்றது. தங்கூசி, அந்த மெல்லிய தூண்டில் நரம்பு, விறுவிறுவென்று ஓடியது.

"வெடுக்குன்னு இழுத்துடாதீங்க, அறுந்துறப் போவுது" என்றாள் சுகுணா.

"எனக்குத் தெரியாதா? விட்டுத்தான் புடிக்கோணும்." வேல்முருகன் கைப்பிடியை மெல்லச் சுற்றினான். மறுமுனை கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு தணிந்து வந்தது.

மிளகுக் கொடிகளுக்கு நடுவிலிருந்து தள்ளாடி வெளியே வந்தவர் அவனுடைய அப்பா சின்னக்கண்ணு. தங்கூசியின் நுனி அவருடைய அரைஞாண் கயிற்றில், முதுகுப் பக்கமாகக் கட்டியிருந்தது.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று பெற்ற மகனிடமே கேட்டார்.

"இதே ஊருதானுங்கப்பா."

"அப்படீங்களா. அங்க ஏரில மீனு காத்துட்டு இருக்குதுங்க. போயிட்டு வாரேனுங்க."

தினமும் நடக்கிற பேச்சுதான்.

நாமக்கல் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஞாபகம் இனித் திரும்பாது, ஆளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்வது சுலபம். ஆயுள் முழுக்க வாசலூர்பட்டி ஏரியில் தூண்டில் போட்ட மனிதருக்கு மகன் பெயர் மறந்தது, மருமகள் முகம் மறந்தது, ஏரிக்குப் போகிற வழி மட்டும் மறக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவரை இரண்டு முறை படகுக்காரர்கள் தூக்கி வந்து போட்டார்கள்.

"நாங்க பாத்ததால ஆச்சு. பாக்காத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வி வேல்முருகனைத் தூங்கவிடவில்லை.

அறையில் பூட்டினால் கதவில் முட்டி மண்டையை உடைத்துக்கொண்டார். கயிற்றில் கட்டினால் அவிழ்த்துவிடச் சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். அப்போதுதான் பரண்மேல் கிடந்த ரீல் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கும் முந்தி, அவருடைய அப்பா காலத்துப் பித்தளை ரீல்.

வேல்முருகன் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் களிம்பைச் சுரண்டி எடுத்து, பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைத்தான். மீன் இழுத்தால் சத்தம் கொடுக்கிற ஸ்பிரிங் இற்றுப் போயிருந்தது. சேந்தமங்கலம் சைக்கிள் கடையில் தேடி ஒன்றை வாங்கி, வெட்டிப் பொருத்தினான். சுற்றிப் பார்த்தபோது 'கிர்ர்ர்' என்றது. அன்றைக்குத்தான் அவன் பல நாளைக்குப் பிறகு சிரித்தான்.

வாசல் நிலையில் ரீலைத் திருகாணி வைத்து முடுக்கினான். கண்ணுக்குத் தெரியாத தங்கூசி அப்பாவை உறுத்தவில்லை. அவர் நடந்தால் ரீல் கத்தும். சத்தமே இல்லாவிட்டால் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பான். மறுமுனை கனத்தால் நிம்மதி.

"பெத்த அப்பனைத் தூண்டில்ல மாட்டி வெச்சிருக்கறான் பாரு" என்று பக்கத்துக் காட்டுப் பொன்னாயி அவன் காதுபடவே சொன்னாள். சொல்லட்டும். அவளா வந்து ஏரிக்கரையில் காவல் நிற்கப் போகிறாள்?

அன்று காலையிலிருந்தே தூறல். படகு ஓடவில்லை, ஏரிப் பக்கம் ஈ காக்கை இல்லை. சுகுணா மாமனாருக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய கை வழக்கம்போல அவள் முந்தானை நுனியில் மும்முரமாக இருந்தது. இரண்டு சுற்று, ஒரு வளையம், நுனியை உள்ளே விட்டு, எச்சில் தொட்டு ஓர் இறுக்கு.

"தெனமும் இதே ரோதனைங்க. பல்லால கடிச்சாத்தான் அவுருது" என்று அலுத்துக்கொண்டாள்.

"உடு, பாவம். என்ன பண்றம்னு அவருக்கே தெரியாது" என்றான் வேல்முருகன்.

மத்தியானம் அவன் சோற்றில் கை வைத்தபோது ரீல் கத்தியது. பாதியில் எழுந்தான்.

"அதான் சத்தம் வருதில்லீங்க, சாப்புட்டுப் போங்க."

வேல்முருகன் உட்கார்ந்தான். சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'கிர்ர்' என்றது. அப்பா ஏதோ செடியைப் பிடித்து இழுக்கிறார் போலிருக்கிறது. எட்டி, இடது கையால் தங்கூசியைச் சுண்டிப் பார்த்தான். கனத்தது. நிம்மதியாக இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டான்.

கை கழுவிவிட்டு வந்து ரீலைச் சுற்றினான். மறுமுனை அசைந்து கொடுக்கவில்லை.

"அப்பா, நனையாதீங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே தங்கூசியைத் தொட்டபடி மிளகுக் கொடிகளுக்குள் நடந்தான். சுகுணாவும் பின்னாலேயே வந்தாள்.

பலாமரத்தடியில் தங்கூசி முடிந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த கன்றுக்குட்டி தலையை நிமிர்த்திப் பார்த்தது. தங்கூசி அதன் கழுத்தில் கட்டியிருந்தது.

வேல்முருகன் தங்கூசியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "எவன்டா பாத்த வேலை இது? ஒண்ணுந் தெரியாத மனுசனை அவுத்து உட்டது எவன்டா?" என்று ஊரைப் பார்த்துக் கத்தினான். சரிவுக்குக் கீழே ஏரியைப் பனி மூடியிருந்தது.

சுகுணா கன்றின் கழுத்தைப் பிடித்து, முடிச்சை விரலால் தடவினாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"கத்தாதீங்க. இது மாமா என் முந்தானையில போடற முடிச்சுங்க."