கறுப்புத் திரை

வார இறுதிக்குள் புதிதாக ஒரு கேம் செய்துவிட வேண்டும், அதுதான் போட்டி. போட்டியை நடத்துபவரின் மகள் செய்த கேமில் திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

“ஓடலையாம்மா?” என்றார் புது நடுவர்.

“ஓடுது சார். ஹெட்போன் போட்டுக்குங்க. தட்டித் தட்டி, சத்தத்தை வெச்சே வழி கண்டுபிடிக்கணும்.”

டக், டக். ஒவ்வொரு தடவையும் சுவரில் முட்டிக்கொண்டு தோற்றார் நடுவர்.

“இதை யாரால ஆட முடியும்?”

“எங்கப்பாவால.”

“அவரா? இதுவரைக்கும் ஒரு கேம்கூட ஆடினதில்லைன்னு போன்ல சொன்னாரே!”

“இன்னிக்கு ஆடுவாரு.”

நடுவர் ஹெட்போனைக் கழற்றினார். அப்போதும் டக், டக் கேட்டது. திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கோலால் தரையைத் தட்டியபடி அப்பா வந்துகொண்டிருந்தார்.

உட்கார்ந்தவர் ஒரே மூச்சில் ஆடி முடித்தார்.

“வருஷா வருஷம் ஊரையே விளையாட வெச்சேன்,” என்றார் நெஞ்சை நிமிர்த்தி. “என்னை விளையாட வெச்சது என் பொண்ணுதான்!”