ஒரு மனசுக்கு ஒரு மந்திரம்

எரிமலைக் குழிக்கு முந்நூறு அடி மேலே பறந்துகொண்டிருந்த வின்ஸ்டன், முட்டை பப்ஸை ஒரு கடி கடித்துவிட்டு, எதிரே இருந்த பெண்மணியை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு மனசு ஒண்ணா, ரெண்டா?"

பறந்தது உண்மையில் அவன் அல்ல. தாளில் அவன் எழுதி வைத்திருந்த வஜ்ரகேது என்ற மந்திரவாதி. கோவை சாய்பாபா காலனியில் ஒரு பேக்கரியின் மாடி. ஞாயிறு காலைதோறும் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நடத்துகிற ஆட்டம் அது.

நாலு வருடமாக வஜ்ரகேதுவுக்குச் சாவில்லை. பாத்திரம் செத்தால் ஆடுகிறவர் எழுந்து போய்விட வேண்டும் என்பது அந்த மேசையின் சட்டம். காலியாகும் நாற்காலிக்குப் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

அப்படியொரு நாற்காலி போயும் போயும் இந்த விமலாராணிக்குக் கிடைத்ததுதான் வின்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது வயது. பெருந்துறையில் தபால் ஆபீஸ் வேலை. பஸ் ஏறி வந்து மூன்று வாரமாக ஆடுகிறார். பகடையைக்கூடத் தாளிக்கக் கடுகு போடுவது போலத்தான் போட்டார்.

வின்ஸ்டனோ மந்திரங்களைக் கண்டபடி இறைக்கிறவன் அல்ல. எல்லாவற்றையும் சண்டைக்கென்றே வைத்துக்கொள்வான். ஆளைத் தூக்கிவிடுவது, விளக்குப் பிடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது மாதிரி எடுபிடி வேலைகளெல்லாம் மற்றவர்கள் பாடு. இன்றும் கைவசமிருந்த கடைசி இடி மந்திரத்தை, எரிமலைக்குள்ளிருந்து எழுந்த தீநாகத்தின் தலையில் இறக்கிவிட்டுத் தன் முறையை முடித்திருந்தான்.

நாகம் சாகவில்லை. விமலாராணியின் பாத்திரமான மருத்துவச்சியைப் பார்த்து வாயைப் பிளந்தது. அவர் பதறிப்போய், "பனிக் கவசம் போட்டுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

அங்கேதான் வின்ஸ்டன் பிடித்துக்கொண்டான்.

"ஏற்கெனவே ஒரு மந்திரத்த மனசுல புடிச்சு வெச்சிருக்கீங்க. உங்க தாள்ல டிக் அடிச்சிருக்குது பாருங்க. கவசமும் அதே மாதிரி மனசுல புடிக்கற மந்திரம். ரெண்டும் சேந்து நிக்காதுங்க. மூணு வாரமா இங்க வந்து என்னத்தக் கத்துக்கிட்டீங்க?"

"அட ஆமாங்க தம்பி. பயத்துல சொல்லிப்போட்டேன்."

ஆட்டத்தை நடத்துகிற ஹுமேரா குறுக்கிட்டாள். "புதுசா வந்தவங்க, வின்ஸ்டன். இந்த ஒருக்கா ரெண்டும் இருக்கட்டும்னு விட்டுரலாம்."

"அதெப்படிங்க? நாளைக்கு நான் நாலு மந்திரத்தப் புடிச்சுக்கறேன்னா ஒத்துக்குவீங்களா? பாவம் பாத்து ஆடறதுக்கு இது என்ன பாலர் வகுப்பா?"

விதிப்புத்தகத்தை விரித்து விமலாராணியின் முகத்துக்கு நேரே பிடித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு வாசிப்பது போல வாசித்தான். "ஒரு மந்திரம்... மனத்தில் நிற்கும்போது... இன்னொன்றைத் தொடங்கினால்... முந்தையது... அக்கணமே கலையும். புரிஞ்சுதுங்களா? இன்னொருக்கா படிக்கட்டுங்களா?"

மேசைக்கு அடியில் யாரோ அவன் காலை மிதித்தார்கள். பக்கத்தில் இருந்த தம்பிதுரைதான். வின்ஸ்டன் எரிச்சலுடன் காலை இழுத்துக்கொண்டான்.

விமலாராணி பேனாவை மூடி வைத்தார். "அப்பக் கவசம் வேண்டாமுங்க. நான் எரிஞ்சு போயிக்கறேன். எந்திரிச்சும் போயிடறேன். மொதல்ல போட்டதே இருக்கட்டுங்க."

வின்ஸ்டன் வாய்விட்டுச் சிரித்தான். பப்ஸ் துணுக்கு விதிப்புத்தகத்தின் மேல் தெறித்தது.

"தியாகிங்களா நீங்க? சொன்ன மந்திரத்தத் திருப்பி வாங்க முடியாதுங்க. உங்க ஆபீஸ் ஃபாரம்னு நெனச்சீங்களா, அடிச்சுப்போட்டு வேற எழுதித் தர்றதுக்கு?"

"இல்லீங்க தம்பி, அந்த மொதல் மந்திரம் வந்து..."

"எதுவா இருந்தா எனக்கென்னங்க? விளக்கா இருக்கும். இல்லாட்டி சளிக்குக் கசாயமா இருக்கும். நீங்க வேறென்னத்தப் போட்டிருக்கப் போறீங்க? போகட்டும்!"

ஹுமேரா வின்ஸ்டன் பக்கம் திரும்பினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வின்ஸ்டன். விதிப்படியே போயிரலாமா?"

"ஒரு எழுத்து பிசகக் கூடாதுங்க."

"அப்பறம் மாத்தச் சொல்ல மாட்டீங்களே?"

"நான் என்ன இவங்களாட்டவா?"

ஹுமேரா பகடையை உருட்டினாள். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி. கவசம் நிக்குது. நாகத்தோட தீ அக்காவ ஒண்ணும் பண்ணலை. ஆனா அவங்க மொதல்ல புடிச்சு வெச்சிருந்த மந்திரம் கலைஞ்சுபோச்சு."

வின்ஸ்டன் நாற்காலியில் சாய்ந்து கையைத் துடைத்தான். பப்ஸ் காகிதத்தைக் கசக்கி விமலாராணியின் பக்கமாகத் தள்ளிவிட்டான். இதோடு இந்தம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்தபோது அவனுக்கு இதமாக இருந்தது.

"இப்பவாச்சும் மண்டைல ஏறுச்சுங்களா? எங்க, கலைஞ்சுபோனது என்ன மந்திரம்னு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க பாக்கலாம்."

விமலாராணி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"உங்களப் பறக்க வெச்சிட்டிருந்ததுங்க, தம்பி."