உப்பளத் திருப்பத்தில் கழன்ற செயின்

பைக்குகள் தாமே ஓடி, தம் பழுதையும் தாமே சரிசெய்துகொள்ளத் தொடங்கிய பிறகு தூத்துக்குடிச் சாலைகளில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. கணவர் இறந்த பின் பெர்னதெத் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கழித்த நாட்கள் உண்டு. பொழுது போகாமல், ஐம்பத்தாறு வயதில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகினாள்.

ஒருநாள் காலைப் பூசைக்குப் போகும்போது உப்பளத் திருப்பத்தில் செயின் கழன்றது. ஒரு பைக் நின்றது. அதிலிருந்து, அதே பூசைக்குப் போகும் செலஸ்டின் இறங்கினார்.

"என்னம்மா, இது தானா மாட்டிக்கிடாதா?"

"மாட்டிக்கிட்டா நீங்க நின்னுருப்பீங்களா அண்ணாச்சி?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் குனிந்து மாட்டினார்கள். தன் வீட்டிலும் தான் மட்டும்தான் என்றார்.

அன்றே பின்சக்கர நட்டை முறுக்கிச் செயினை இறுக்க அவள் கற்றுக்கொண்டாள். ஆனாலும் தினமும் புறப்படுமுன் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். நான்கு நாளும் அவர் நின்றார். ஐந்தாம் நாள் பீடத்தின்முன் மண்டியிட்டபோது வெட்கமாக இருந்தது. "ஆண்டவரே, ஒரு நல்ல மனுசரை ஏமாத்துறேனே." வீட்டுக்கு வந்ததும் நட்டை நன்றாக இறுக்கினாள்.

மறுநாள் திருப்பத்தில் செயின் கழலவில்லை. பைக்கும் வரவில்லை. நெஞ்சு கனக்க மிதித்தாள். சற்றுத் தள்ளி ஒரு பழைய சைக்கிளின் அருகே செலஸ்டின் குத்தவைத்திருந்தார்.

"கழண்டுட்டும்மா" என்றார்.

அவர் சட்டைப்பையில் ஸ்பேனர் எட்டிப்பார்த்தது. பெர்னதெத் அதைப் பார்க்காததுபோல ஸ்டாண்டு போட்டுவிட்டு அருகில் குனிந்தாள்.