டிரம்ஸ்: செல்வின்

"நீ வாசிச்சாதான் மச்சான் இது நம்ம ஆல்பம்" என்று காலையில்தான் டெரன்ஸ் சொல்லியிருந்தான். முப்பத்தைந்து வருடமாக ஒரே ராக் குழுவில் அவன் கிதார், செல்வின் டிரம்ஸ். ஒன்பதாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதிவாகிக்கொண்டிருந்தது. செல்வினின் வலது கை வழக்கம்போல நடுங்கி, ஓர் அடியைத் தவறவிட்டது. ஆனால் ஹெட்போனில் அந்த அடி கச்சிதமாக விழுந்தது. இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கி அப்படியே நிறுத்தினான். காதுக்குள் யாரோ முன்பே பதிந்துவைத்த டிரம்ஸ் நிற்காமல் ஓடியது, அவன் இளமையில் வாசித்ததுபோலவே. பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெரன்ஸ் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் "பின்னிட்டடா" என்று மைக்கில் சொல்லி, கட்டைவிரலை உயர்த்தியபடி கண்ணைத் திறந்தான். விரல் பாதியில் நின்றது. செல்வின் குச்சிகளை இன்னும் இறக்கவில்லை. இப்போது அவன் கை நடுங்கவில்லை.