விக்கலுக்கு இரண்டு கட்டுரைகள்

விக்கலை நிறுத்துவது எப்படி என்று இணையத்தில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. பத்து வரிக் கட்டுரையைத் தேடுபொறி முதலிடத்தில் வைத்திருந்தது. இருபது பக்கக் கட்டுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இன்னும் நீளணும்" என்று விக்கலின் வரலாற்றைச் சேர்த்துக்கொண்டது. பிறகு விக்கல் வந்த ராஜாக்களையும் சேர்த்தது.

விக்கலோடு வந்த வேதவல்லி அந்தப் பெரிய கட்டுரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "என்ன செய்யணும்னு... விக்... சொல்லித் தொலையேன்!" என்று பத்து வரிக் கட்டுரைக்குத் தாவிவிட்டாள்.

"உன்கிட்ட வைத்தியம் எந்த இடத்துல இருக்கு?" என்று கேட்டது சின்னது.

"இல்லாமலா? இங்கேதான் எங்கேயோ..." பெரியது தன்னையே மேலும் கீழும் தேடியது. தேடத் தேட அதற்கே விக்கல் எடுத்தது. கடைசியில், தேடுபொறிக்குக் கேட்காதபடி சின்னதிடம் குனிந்து, "உன்னைக் கொஞ்சம்... விக்... திறந்து காட்டேன்" என்றது.