ஆளே வராத விசாரணை

"நாலு பேர் உன்னை என்னன்னு கூப்பிடுறாங்களோ, அதுதான் நீ. முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்" என்றார் சமூகவியல் பேராசிரியர்.

விசாரணைக் குழுவின் மற்ற இரு உறுப்பினர்களும் வாய் பிளந்து கேட்டார்கள். அவர் பேசினால் மின்விசிறிகூடச் சற்று அடக்கமாகச் சுற்றும் என்பது பல்கலைக்கழகத்தில் பேச்சு.

அன்று இருந்தது ஒரே மனு. பணியாளர் பதிவேட்டில் 'ஆண்' என்றிருப்பதைப் 'பெண்' என்று திருத்த வேண்டும். சுற்றியிருப்பவர்கள் தன்னைப் பெண்ணாகத்தான் ஏற்றிருக்கிறார்கள் என்பதற்கு மனுதாரர் ஐந்து மணிக்குள் சாட்சி கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் தள்ளுபடி, மறுபடி கேட்க வழியில்லை.

மனுவில் பதிவேட்டிலுள்ள ஆண் பெயரும் பணியாளர் எண்ணும்தான் இருந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா அந்தப் பெயரைத் தாழ்வாரத்தில் இரண்டு முறை கூவிப் பார்த்தார். ஈ, காக்கை இல்லை.

"தான் யாருன்னு சொல்லக்கூட வரலைன்னா எப்படி?" என்று பேராசிரியர் சலித்துக்கொண்டார். "அக்கா, இன்னொரு டீ."

பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தில் டீ கொடுக்கும் அவர் எல்லோருக்கும் அக்கா. மாணவிகள் காதல் முறிந்தால் அழுவது அவர் தோளில். பேராசிரியர் மகளின் பிரசவத்தின்போது உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். பேராசிரியர் வெளியே ஏதோ கட்டுரை திருத்திக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. பேராசிரியர் அவரையும் விடவில்லை.

"நீங்களே சொல்லுங்கக்கா. சாட்சி இல்லாம ஒருத்தரைப் பொம்பளைன்னு ஒத்துக்க முடியுமா?"

அக்கா மேசையில் சிந்தியதைத் துடைத்தார். டீ ஆறுகிறது என்று மட்டும் நினைவூட்டினார்.

மணி ஐந்து. குமாஸ்தா மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். 'தள்ளுபடி' என்று எழுதப் பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"அந்தப் பேருக்கு 'இருக்கேன்'னு சொல்ல வாய் வரல சார்" என்றார் அக்கா, துணியை மடித்தபடி.

முப்பது வருடத்தில் முதல்முறையாகப் பேராசிரியர் வாய் பிளந்து கேட்டார்.

"மத்தபடி, காலையிலேருந்து நீங்க மூணு பேரும் எனக்குத்தானே சாட்சி சொல்லிட்டிருக்கீங்க?"