கழற்றி எறிந்த மரியாதை

"சரியா வரலை. மொதல்லேருந்து எடுப்போம்."

சொல்லிக்கொண்டே ஜுமாபெக் எழுந்தார். தோளில் கிடந்த சப்பானை, ஜரிகை வேலை செய்த அந்த வெல்வெட் அங்கியை, உருவிப் பக்கத்து நாற்காலியில் எறிந்தார்.

மெலிஸுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கேமரா ஓட ஓட, தன் கையால் போர்த்திய சப்பான் அது! போர்த்தியவன் முகத்துக்கு எதிரிலேயே கழற்றி எறிகிற ஆளை பிஷ்கெக் நகரம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

"அண்ணே, ரெண்டு மணி நேரம் பேசியிருக்கோம்!"

"பேசினோம். எனக்குப் பிடிக்கலை."

"அருமையாத்தானே பேசினீங்க?"

"அருமையாப் பேசினது நீ, தம்பி. நான் சுமாருதான்."

மெலிஸின் 'சேணம்' சேனலில் இதுவரை வந்ததெல்லாம் துண்டு வீடியோக்கள். ஒருத்தன் குதிரையிலிருந்து விழுவான், நாலு பேர் சிரிப்பார்கள். இதுதான் முதல் நீண்ட பேட்டி. அதுவும் யார்? குதிரை மேலிருந்தபடியே ஆட்டுடலைப் பிடுங்கி ஆடும் கோக்-போருவில் பத்து வருஷம் அணித்தலைவராக இருந்து, எந்தப் பத்திரிகைக்கும் வாய் திறக்காத ஜுமாபெக்! 'வெட்டு கிடையாது, ஒட்டு கிடையாது, உள்ளது உள்ளபடி' என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்தாகிவிட்டது. மனிதர் நாளைக்குக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போய்விடுவார். இன்றைக்கு விட்டால் பேட்டி போச்சு.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கேமராவையும் மைக்கையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஜிபெக், ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி தலை குனிந்து நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுகிறாளா பார், மரம் மாதிரி நிற்கிறாள் என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது. போன தடவை நடுவில் நிறுத்திக் காரியத்தைக் கெடுத்தவள். இன்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். "நான் பேசும்போது குறுக்க வந்தே, கல்யாண வீடியோ எடுக்கவே திரும்பிப் போயிடு."

பால்கனிக்குப் போய் மனைவிக்கு போன் போட்டான்.

"ஆளு குதிரையிலேருந்து இறங்கிட்டாரு. தலைக்கனம்தான் இன்னும் இறங்கலை!"

திரும்பி வந்து, சிரித்த முகமாகச் சப்பானை மறுபடி எடுத்தான்.

"அது வேணாம் தம்பி. புழுங்குது."

ஜன்னல் திறந்திருந்தது. மலைக்காற்றில் பல் கிட்டிப் போகிற குளிர்.

இரண்டாம் தடவை ஆரம்பித்தார்கள். அதே டீ, எண்ணெயில் பொரித்த அதே போர்சோக், அதே கேள்விகள். தான் வளர்த்த குதிரை மைதானத்திலேயே கால் ஒடிந்து செத்த கதையை ஜுமாபெக் மறுபடி சொன்னார். அதே இடத்தில் மறுபடி குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடேயப்பா, என்னமா நடிக்கிறாரு என்று நினைத்துக்கொண்டான் மெலிஸ்.

புறப்படும்போது அந்தச் சப்பானை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் ஜுமாபெக். எறியவும் தெரியுது, எடுத்துட்டுப் போகவும் தெரியுது!

பேட்டி வெளியானது. ஊரே பாராட்டியது. ஆனால் எல்லோரும் ஜுமாபெக்கையே பாராட்டினார்கள். மெலிஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பதிவு போட்டான்.

'நாங்கள் போர்த்திய மரியாதையை இந்த மாவீரர் கழற்றி எறிந்தார். பேட்டியையே இரண்டு முறை எடுக்க வைத்தார். தலைக்கனத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா?'

ஆயிரக்கணக்கில் லைக் குவிந்தது. ஒரே ஒருத்தன் மட்டும் கேட்டான்: 'ஆதாரம் எங்கே?'

"ஆதாரமா? இதோ வருது!" மறுநாள் காலையில், முதல் தடவை எடுத்த வீடியோவைத் தேடி எடுத்தான் மெலிஸ்.

"அது வேணாம்ணே," என்றாள் ஜிபெக்.

"அவருக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?"

ஓட விட்டான். திரையில் மெலிஸ் சப்பானைப் போர்த்தினான். முதல் கேள்வி அவன் குரலில் மணி மாதிரி ஒலித்தது. பதிலுக்கு, சரக். சரக். சரக்.

தள்ளித் தள்ளிப் பார்த்தான். எங்கே நிறுத்தினாலும் இவன் கேள்வி, அப்புறம் சரக். ஜுமாபெக்கின் சட்டை மைக் மேல் சப்பானின் ஜரிகை இரண்டு மணி நேரமும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மனிதர் பேசியதில் ஒரு சொல் தேறவில்லை.

கடைசியில் சப்பான் பறந்தது. சரக் சத்தம் நின்றது. மெலிஸ் பால்கனிக்குப் போனான். அப்புறம் ஜுமாபெக்கின் குரல், தாழ்ந்து, ஆனால் தெளிவாக.

"அழாதே அம்மாடி. நீ கையைக் கையை ஆட்டினப்ப ஈ ஓட்டுறேன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணியப் பார்த்துத்தான் புரிஞ்சுது. அவன்கிட்ட சொல்லிடாதே. தப்பு அவன் போர்த்துனதுலதான். ஆனா வேலை போறது உனக்குத்தான். திமிர் பிடிச்சவன்னு எனக்கு ஏற்கனவே பேரு இருக்கு. அதுல இன்னொண்ணு சேர்ந்தா என்ன குறைஞ்சா போயிடுவேன்?"

மெலிஸ் வீடியோவை நிறுத்திவிட்டு ஜிபெக் பக்கம் திரும்பினான்.

"நீ சொன்னது சரிதான். இது வேணாம்," என்று அந்த வீடியோவை முழுசாக அழித்தான்.

போனை எடுத்தான். லைக் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆதாரம் கேட்டவனுக்கு நிதானமாகப் பதில் எழுதினான்:

'காட்சி எங்களிடம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக வெளியிடாமல் விடுகிறோம்.'